எறும்புக் கொம்பு வைத்த ஈ

செவ்வாய்க்கிழமை இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் ஜெலுத்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்று உலகமே காணாத ஈ ஒன்று பிறந்தது. பிரம்மா, அடியேன்.

அக்கா பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறாள். தேனீ வேஷம் போட்டுப் பூவுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் ஈக்களைப் பேரினவாரியாகப் பிரித்து நாளை ஒப்படைக்க வேண்டும். ஊசியில் குத்தி உலர்த்திய ஒன்றை நேற்று குளவி என்று காட்டி நண்பனை அலறவிட்டேன். அந்தக் கூத்தில் அதன் குட்டி உணர்கொம்புகள் உடைந்துவிட்டன. இன்று, செத்த எறும்பு ஒன்றின் கொம்புகளை எடுத்து ஒட்டிவைத்தேன்.

மாலையில் அக்கா லென்ஸ் வழியே பார்த்துத் திகைத்தாள். "சிறகு நரம்பு ஒரு பேரினத்தைக் காட்டுது, கொம்பு எதுலயும் சேரல. டேய், இது புதுசுலா! லெக்சரருக்குப் படம் அனுப்பப் போறேன்."

அவள் மானம் போய்விடுமே! "அனுப்பாதக்கா, நான்தான் ஒட்டினேன்" என்று நானே முன்வந்து வீரமாகச் சொன்னேன்.

உதை விழும் என்று நினைத்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எறும்புக் கொம்பை நீக்கிவிட்டு, ஈயின் விவரச் சீட்டில் 'கொம்புகள் உடைந்தவை' என்று மட்டும் எழுதினாள். யார் உடைத்தது என்று எழுதவில்லை. அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. இப்படி ஓர் அக்கா கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

'நானே முன்வந்து' என்று மேலே எழுதியது கொஞ்சம் உறுத்துகிறது. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தவள், "கொம்புல ஏன்டா பசை மின்னுது?" என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன். அதுவும், இரண்டாவது தடவை கேட்ட பிறகு.