வலது ஓரத்துச் சிவப்பு வட்டங்கள்

ஞாயிறு காலை

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம்தானே? உன் அக்கா வீட்டு மாடிப்படி உன் முழங்காலை என்ன பாடு படுத்துகிறதோ தெரியவில்லை. இங்கே எல்லாரும் நலம். மகளுக்குக் கடைசி வருடப் பரீட்சை நெருங்குகிறது. அவள் அப்பா பிரஷர் மாத்திரையை மறப்பதும் நான் நினைவுபடுத்துவதுமாக நாள் போகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ, "அது கெடக்கட்டும், சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். மூன்று முறை அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தின் வாயை உன்னால் பொத்த முடியாது.

இதுவரை எழுதுவதற்குள் ஐந்து முறை எழுந்துவிட்டேன். துணி துவைக்கும் மெஷின் ஓடுகிறது. அது நடுவில் கொஞ்சம் நின்றாலும் போய்ப் பார்க்கிறேன். "ஏம்மா, அது என்ன ஐசியூலயா இருக்கு?" என்கிறாள் மகள். உள்ளே இருப்பது நம் கம்பெனி சர்க்யூட் போர்டாக இருக்குமோ என்ற பயம் எனக்கு. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

நம் செக்‌ஷனில் புதிய அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கிறார்கள். போர்டுகள் ஒட்டி வரும் பேனலைக் கையால் உடைக்கக் கூடாதாம், வெட்டும் மெஷினில்தான் பிரிக்க வேண்டுமாம். மாட்டியவர் சூப்பர்வைசரேதான். "கைல வலு இல்லையாம்மா, உடைச்சுத் தள்ளுங்க" என்று நம்மை விரட்டிய அதே மனிதர், ஸ்டூலில் ஏறி நின்று ஆணி அடித்தார். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான். ஆட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வரிசையாகச் சொன்னால்தான் சொல்லவேண்டிய இடத்துக்கு என்னால் வந்து சேர முடியும்.

வெட்டும் மெஷினின் பிளேடு தீட்டப் போயிருந்த அன்று அறுபது பேனல்களை நாம் கையால் உடைத்தோம். நீ முப்பது, நான் முப்பது. என் எண் போட்ட முத்திரையை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். "இந்தா, என்னோடத குத்திக்கோ, எவன் பாக்கப் போறான்" என்று நீ உன்னுடையதை நீட்டினாய். அதனால் எல்லா டிரே அட்டையிலும் உன் எண். டெஸ்டில் எல்லாமே பாஸ். பிறகுதான் அந்தப் போர்டுகள் பொருத்திய வாஷிங் மெஷின்கள் பாதியில் நின்று, பதினொரு போர்டுகள் திரும்பி வந்தன. கையால் ஒடித்தபோது போர்டு வளைந்ததில் கடுகளவு கெப்பாசிட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஓடி ஓடிச் சூடேறி, அது ஒருநாள் கைவிட்டிருக்கிறது.

விசாரணையில் நீ, "என் முத்திரைதான் சார்" என்றாய். கையால் உடைக்கச் சொல்லவே இல்லை என்றார் சூப்பர்வைசர். சாட்சியாக உட்கார்ந்திருந்த நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகு நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த விரிசல் யாருடைய கையால் வந்தது என்று யார் கண்டது? பாதிப் பழி என்னுடையது, அவ்வளவுதான் என்று. நான்கு மாதம் அதை வைத்து ஓட்டிவிட்டேன். பாதிப் பழி அத்தனை கனமாக இல்லை. தூக்கம்கூட வந்தது.

போன செவ்வாய்க்கிழமை கையுறை வாங்கத் தரப் பிரிவு அறைக்குப் போனேன். அந்தப் பதினொரு போர்டுகளும் மேஜையில் வரிசையாக இருந்தன. விரிசல் விட்ட இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். பதினொரு வட்டமும் வலது ஓரத்தில். ஒன்றுகூட இடது ஓரத்தில் இல்லை.

நீ பேனலை இடது கையால் மேஜையில் அழுத்தி, வலது பக்கத்துப் போர்டை ஒடிப்பாய். ஒடியும்போது அந்தப் போர்டின் இடது ஓரம்தான் வளையும். நான் எல்லாவற்றையும் மாற்றிச் செய்கிறவள். இடது பக்கத்திலிருந்து ஒடிப்பேன், என் கையில் வளைவது வலது ஓரம். வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதையும் இடது பக்கத்திலிருந்தே கிழித்து வைத்திருக்கிறேன். நம் செக்‌ஷனில் என்னைத் தவிர இடதுகைக்காரி யார் இருக்கிறார்கள்?

பாதியெல்லாம் இல்லை. மொத்தமும் என் கை.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்து என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. விசாரணையில் உன்னிடம் ஒரு போர்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நீ அதன் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாய். பிறகு என் இடது கையை ஒரு தரம் பார்த்தாய். தண்ணீர் கேட்கிறாய் என்று நினைத்துப் பாட்டிலை உன் பக்கம் நகர்த்தினேன். நீயும் வாங்கிக் குடித்தாய்.

வியாழக்கிழமை நான்கு பக்கம் எழுதி மேனேஜரிடம் நேராகக் கொடுத்துவிட்டேன். முத்திரை, சூப்பர்வைசர் சொன்னது, வலது ஓரம், எல்லாம் அதில் இருக்கிறது. உன் எண்ணில் இருக்கும் கறையை எடுத்து, உன் வேலையைத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். வீட்டில் இவர், "அவளே வாயத் தொறக்கல, முடிஞ்சுபோனத நீ எதுக்குக் கிளறுற?" என்றார். அவள் வாயைத் திறக்காததால்தான் என்றேன். அன்று மாத்திரையை அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். என் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அன்று உனக்கும் போன் செய்வார்களாம். உன்னைப் பற்றித் தெரியும், அதனால்தான் கெஞ்சுகிறேன். "ரெண்டு பேருந்தான் சார் ஒடச்சோம்" என்று ஆரம்பிக்காதே. முத்திரையை எனக்குக் கொடுத்தாய் என்று மட்டும் சொல். இன்னொரு தரம் என்னைக் காப்பாற்றிவிடாதே, என்னால் தாங்க முடியாது.

மெஷின் நின்றுவிட்டது. பழுதில்லை, துவைத்து முடித்துவிட்டது. உள்ளே இருப்பது நீ வேலை செய்த இடத்தில் நாற்காலியில் விட்டுப்போன மெத்தையின் உறை. இத்தனை நாள் என் பெட்டியில் வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். அதை உன் நாற்காலியிலேயே போட்டு வைக்கட்டுமா, உன் விலாசத்துக்கு அனுப்பிவிடட்டுமா? அதை மட்டுமாவது எழுது.

உன் முழங்கால் சீக்கிரம் தேறட்டும்.

இப்படிக்கு,
உன் பீச்சாங்கை