நான்தான் மறந்தனான்

கொக்குவில்
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் போன் கிணற்றுக்குள் விழுந்த கதையை அத்தான் சொல்லித்தான் அறிந்தேன். அவருடைய போனில் உங்களோடு கதைக்கலாம்தான். ஆனால் மாமி பக்கத்தில் நிற்கிறா என்பது உங்கள் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். தீவுக்கு ஓடுகிற போட்டில் வேலை செய்யும் ஐயாத்துரை அண்ணை கொண்டுவந்து தருவார். உப்புத் தண்ணீர் படாமல் பாண் பையில் சுற்றியிருக்கிறேன்.

எனக்கு வேலை தொடங்கிவிட்டது. பிரியவதனி மிஸ் இருபது வருடமாகச் செய்துவரும் ஆய்வுக்குத் தீவுப் பள்ளிக்கூடங்களில் இருந்து விவரம் சேர்க்க வேண்டும். கவனம் ஓரிடத்தில் நிற்காத பெண்பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு. ஆண்பிள்ளை என்றால் மேசையில் ஏறுவான், கத்துவான், உடனே ஆட்கள் டொக்டரிடம் கூட்டிப்போவார்கள். பெண்பிள்ளை சத்தமில்லாமல் யன்னல் பக்கம் இருந்து மறந்துகொண்டே இருப்பாள். அவளுக்குக் கிடைப்பது ஏச்சு மட்டும்தான் என்று மிஸ் சொல்லுவா. ஊர்காவற்றுறையில் ஒரு அதிபருக்கு முன்னால் இதைச் சொல்லப்போய்ப் பாதியில் நின்றுவிட்டேன். அவர் பாவம் பார்த்துத் தேத்தண்ணி எடுப்பித்தார். நம்முடைய வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள், ஒரு வசனம் முழுதாகப் பேசத் தெரியாமல் நிற்கிறாள்.

பொங்கலுக்கு முதல்நாள் வந்து ஒரு கிழமை என்னோடு நின்றுவிட்டுப் போன உங்கள் மூத்தவள் மிதுஷாவை நினைத்தபடி இருக்கிறேன். பத்து வயதில் என்ன பொறுப்பு. என் குடையை நான் மறக்க மறக்க அவள்தான் எடுத்துத் தந்தாள். சின்னவனுக்குப் பல் வந்துவிட்டதா? எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
தாரிகா


நெடுந்தீவு
20.02.2025

அன்புத் தங்கச்சி தாரிகாவுக்கு,

உன் கடிதத்தை மாமி நித்திரையான நேரம் பார்த்துக் குசினிக்குள் இருந்து வாசித்தேன். சின்னவனுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை, உன் பெறாமகளைத் தவிர.

நீ அவளைப் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். இங்கே வந்து பார். போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் அள்ளி அதை உள்ளே தள்ளியது அவள்தான். ஆட்டுக் கொட்டிலைத் திறந்தபடி விட்டுவிட்டாள், நாய் குட்டியைக் கடித்துப்போட்டது. பட்டிப்பொங்கலன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டாள், குசினித் திரைச்சீலை பாதி எரிந்துவிட்டது. நல்லகாலம், உன் அத்தான் சங்கக் கடையில் இருந்து சாப்பிட வந்த நேரம்.

மாமி, "பெட்டைக்கு ஆரோ சூனியம் செய்து போட்டாங்கள்" என்று நூல் கட்டுவித்திருக்கிறா. உன் அத்தான் ஏசுவதில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் பயம். நீ படிக்கிற அந்தக் குறை இவளுக்கு இருக்குமோ? மருந்து ஏதும் உண்டா? இங்கே ஒருவருக்கும் தெரியாமல் பார்க்க ஏலுமா?

எந்த நேரமும் எனக்கு ஒரே யோசனை. பெரிதாக ஏதும் நடந்துவிடப் போகிறது என்று.

அக்கா,
கஜனி

நீ அனுப்பிய அரிசிமாவுக்கு நன்றி எழுத மறந்துவிட்டேன்.


கொக்குவில்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன வியாழன் உங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். கடைசிப் போட்டைப் பிடிக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்கு வர முடியவில்லை. கோபிக்க வேண்டாம்.

சொந்தப் பிள்ளையை நான் சோதிக்கக்கூடாது. அதனால் என்னோடு வேலை செய்யும் ஜொய்சிதான் மிதுஷாவைப் பார்த்தாள். நான் வெளியே கல்வேலியடியில், தீவில் திரிகிற காட்டுக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவு இதுதான். மிதுஷாவுக்கு நாங்கள் தேடுகிற குறை இல்லை. மற்றப் பிள்ளைகள் அழிறப்பரை விட்டுவிட்டுப் போக, இவள் எல்லாவற்றையும் பொறுக்கி அவரவர் மேசையில் வைத்தாளாம். ஜொய்சிகூடத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழும்ப, "மிஸ், உங்கட மணிக்கூடு" என்றாளாம்.

பிறகு மிதுஷா என்னிடம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வீட்டில கனக்க மறக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "ஓம் சின்னம்மா. எல்லாம் நான்தான் மறக்கிறனான்."

"எல்லாமோ?"

"ஓம். அப்பிடியே எழுதுங்கோ. வேற ஒண்டும் எழுதாதேங்கோ."

அக்கா, நான் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் போட்டில் வரும்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். பட்டிப்பொங்கலன்று மிதுஷா உங்கள் குசினியில் இல்லை. என்னோடு கொக்குவிலில் நின்றாள். வாடகை வீட்டுக்கார ஐயாவின் மாட்டுக்குப் பூமாலை போட்டுவிட்டு, அது மாலையைச் சாப்பிட்டுவிட்டதென்று அழுதாள்.

இதைக் குற்றம் பிடிக்க எழுதவில்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்றது யார்?

தாரிகா


நெடுந்தீவு
16.03.2025

தாரிகா,

நீ படித்தவள். ஆட்களைக் கேள்வி கேட்டுக் கணக்கெடுப்பது உன் வேலை. என் வீட்டுக்குள் அந்த வேலை வேண்டாம்.

திகதியை மாற்றி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். அது பட்டிப்பொங்கல் இல்லை, வேறொரு நாள்.

வெள்ளிக்கிழமை சின்னவனைக் குளிக்கவார்க்கிற பேசினுக்குள் இருத்திவிட்டு மிதுஷா போய்விட்டாள். அவன் சரிந்து தண்ணீர் வாய்வரை வந்துவிட்டது. மாமி கண்டு கத்தியதால் பிள்ளை தப்பியது. இனி அவளைக் குழந்தைக்குப் பக்கத்தில் விட ஏலாதென்று மாமி ஒரே பிடி. வருடப்பிறப்புக்குப் பிறகு நகரத்தில் ஒரு விடுதியில் சேர்ப்பதென்று உன் அத்தான் முடிவெடுத்துவிட்டார். அவளுக்கும் அது நல்லதுதான். அங்கே நல்லாய்ப் படிப்பிப்பார்களாம்.

உன் கொப்பியில் என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதிவிடாதே. அன்னபூரணம் பெரியம்மாவை மறந்துவிட்டாயா? கோயில் திருவிழாவில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தா என்று, ஒரு உடுப்புப் பையோடு தாய்வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்களே. அந்தப் பிள்ளைகள் பிறகு அவவை அம்மா என்று கூப்பிட்டதேயில்லை. பின்னறைக்குள் இருந்து இருந்தே முடிந்துபோனா. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது நானும் நீயும்தான்.

இனி எழுதாதே.

கஜனி


கொக்குவில்
20.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். போட்டபிறகு பக்கத்தில் நில்லுங்கள்.

சிரிப்பு வரவில்லையா? எனக்கும் வரவில்லை.

பெரியம்மாவை நான் மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை எடுத்ததே அவவால்தான் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. அவவுக்கு விசர், தலை சரியில்லை என்றார்கள். எனக்குத் தெரிந்து அவ ஒரு நாளும் விசர்க்கதை கதைத்ததில்லை. கதவு திறந்த சத்தத்துக்கே எழும்பி நிற்பா, பயத்தில்.

நீங்கள் சாதாரணதரச் சோதனையில் கணக்குத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமல் வந்ததை வீட்டில் எத்தனை வருடம் பகிடியாகச் சொன்னோம். கெட்டிக்காரி நீங்கள், எனக்குக் கணக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். அந்தத் தாளில் பின்பக்கம் இருப்பது உங்கள் கண்ணில் படவேயில்லை. அதை யாரும் நின்று யோசிக்கவில்லை. உங்கள் சேலைத் தலைப்பில் எப்போதும் நாலைந்து முடிச்சு இருக்கும். மறக்காமல் இருக்கப் போட்ட முடிச்சு. எதற்குப் போட்டதென்று மறந்துபோய் அதைப் பிடித்தபடி நிற்பீர்கள். நான் அதையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மிஸ் சொல்லுவா, தாய்மார் மகளைக் கூட்டிவந்து கதிரையில் இருத்துவார்கள், சில நேரம் அந்தக் கதிரையில் இருக்க வேண்டியவ வாசலில் நின்று கைப்பையைத் தேடிக்கொண்டிருப்பா என்று. அக்கா, இது விசர் இல்லை. கெட்ட தாய் என்பதும் இல்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, செய்யக்கூடிய உதவி இருக்கிறது. குழந்தையைத் தண்ணீரில் வைத்தால் இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டும் என்பதுகூட உதவிதான். ஆனால் மறைத்தால் ஒருவரும் உதவ ஏலாது. அடுத்தமுறை மாமி முற்றத்தில் இல்லாமல் போனால்?

28ஆம் திகதி வெள்ளிக்கிழமை மிஸ் நயினாதீவுக்கு வருகிறா, உங்களைப் பார்த்துக் கதைப்பா. நானும் குறிகட்டுவானில், போட் வந்து கட்டுகிற யெட்டியில் நிற்பேன். நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி என்று சொல்லிவிட்டு வாருங்கள். அம்மனிடம் போகிற பெண்ணை என்ன நேர்த்தி என்று ஒருவரும் கேட்பதில்லை. அத்தானிடம் கதைக்க வேண்டுமென்றால் நான் கதைக்கிறேன். உங்கள் கலியாணத்தில் இருந்து இன்றுவரை அவரோடு பத்து வசனம் கதைத்திருக்கமாட்டேன். ஆனாலும் கதைக்கிறேன்.

பயமில்லை என்று எழுதினால் பொய். பெரியம்மாவுக்குச் செய்ததை உங்களுக்கும் செய்துவிட்டால், அதற்குக் காரணம் என் கடிதமாக இருக்கும்.

தாரிகா


நெடுந்தீவு
01.04.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

வெள்ளிக்கிழமை நீ யெட்டியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். திகதியை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. நேர்த்தி என்று சொல்லிச் சேலையும் உடுத்திவிட்டேன்.

மிதுஷா விடுதிக்குக் கொண்டுபோகிற உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் இருந்து அவளுக்குப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, நான் போனாப்பிறகு ஆர் மறந்தது எண்டு சொல்லுவியள்? தம்பிக்கு இன்னும் நடக்கவும் தெரியாதே."

கோபத்தில் கேட்கவில்லை தாரிகா. எனக்காக யோசித்துக் கேட்டாள்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது மறுமொழி எழுதுகிறேன். அடுப்படியில் நின்றது நான். அன்றைக்கு அவள் இங்கே இல்லையென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உனக்கு எழுதும்போது மட்டும்தான் அதையும் அவள் தலையில் போட்டேன். போனும் நான், ஆட்டுக் கொட்டிலும் நான். சின்னவனைப் பேசினுக்குள் இருத்திவிட்டுத் துவாய் எடுக்கப் போனேன். கொடியில் உடுப்புக் கிடந்தது. மழை இருட்டாக இருந்தது. உடுப்பை எடுத்தேன், மடித்தேன், அலுமாரியில் வைத்தேன். மாமி கத்தும்வரை எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறதென்ற நினைவே இல்லை. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தால் வந்த மிதுஷா, படலையில் நின்றபடியே, "நான்தான் அப்பம்மா, நான்தான் விட்டனான்" என்றாள். புத்தகப் பை அவள் தோளில் இருந்தது. மாமி அந்தப் பையைக் காணவில்லை. நான் கண்டேன். கண்டும் பேசாமல் நின்றேன்.

முதலில் ஒருநாள், போன் விழுந்தபோது, அவளே தன்பாட்டில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. பிறகு நானே சொல்லப் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுச் சங்கக் கடைக்குப் போனேன். உன் அத்தான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த ஆட்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே சொன்னேன். "எல்லாம் நான்தான். பிள்ளை ஒண்டும் செய்யேல்லை." பிறகு போனால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் நிறுத்து முடித்தார். வந்தவரிடம் மிச்சக் காசைக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொடக்கம் மாமி சின்னவனைத் தன் அறைக்குள் வைத்திருக்கிறா. பால் கொடுக்கிற நேரம் மட்டும் தருகிறா, கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறா. நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு இல்லை. என் உடுப்புப் பையை யாராவது எடுத்து வெளியில் வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு நாள் காலையும் விறாந்தையைப் பார்க்கிறேன்.

நீ அடுப்பில் போடச்சொன்ன கடிதத்தை வெள்ளி இரவே உன் அத்தானின் தலையணையடியில் வைத்தேன். நேற்றுப் பின்னேரம் மிதுஷாவின் பையை உன் அத்தான் பிரித்து, உடுப்புகளைத் திரும்ப அலுமாரியில் வைத்தார். பிறகு என்னிடம், "தங்கச்சியின்ர மிஸ் உம்மை எப்ப பாப்பாவாம்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதில் கோபமா, இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை முதல் போட்டில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். நேர்த்தி என்று சொல்ல வேண்டாமாம். சின்னவனை விட்டுவிட்டு வரச்சொல்லி மாமி சொல்லிவிட்டா. திரும்பிப் போகும்போது அவனை என் கையில் தருவாவோ தெரியாது.

பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். திருப்பு.

யெட்டியில் எங்களைக் கண்டதும் என்னோடு கதைக்காதே. அத்தானோடும் வேண்டாம். முதலில் மிதுஷாவைத் தனியக் கூட்டிக்கொண்டு போ. இனி ஒன்றும் அவள் செய்ததில்லை என்று நீ சொல்லு. நான் சொன்னேன். அவள் நம்புகிறாளில்லை. நேற்று ஒரு செம்பு குசினியில் விழுந்த சத்தத்துக்கு ஓடிவந்து, "நான்தான்" என்கிறாள்.

உன் அக்கா,
கஜனி