சவுக்குச் சருகும் லெட்டூஸ் பாத்தியும்

9-1-75, வியாழன்
பனி. ஈரக்காற்று. ஆரோவில் வெள்ளைக்காரம்மா விதை கொடுத்த லெட்டூஸ் கீரை, பாத்தி முழுக்க வெளிறிக் கிடக்கிறது. ஈரம் காயாமலிருக்க அண்ணனின் சவுக்குத் தோப்பிலிருந்து சருகு அள்ளிப் பரப்பி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டதற்கு இதுதான் பலன்.

அண்ணன் வந்து பார்த்தார். "உப்புக் காத்து, ஸ்டெல்லா. அடுத்த மாசம் சாம்பல் புதனுக்குள்ள தேறலன்னா இங்கயும் சவுக்கு நட்டுடுவேன்." நிலம் அவர் பெயரில். இந்த ஊரில் மாவு புளிக்காவிட்டாலும் உப்புக் காத்து, மாப்பிள்ளை அமையாவிட்டாலும் உப்புக் காத்து. எரிச்சல்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

12, ஞாயிறு
பூசை முடிந்து நேரே தோட்டம். அண்ணியின் கோழி சில நாளாகவே வேலி தாண்டி வந்து ஒரு மூலையைக் கிளறியிருக்கிறது போல. விரட்டப் போனவள் நின்றுவிட்டேன். சருகு விலகிய அந்த மூலையில் மட்டும் குருத்து பச்சை. அதே கிணற்றுத் தண்ணீர், அதே காற்று. உப்பு என்றால் எல்லாச் செடிக்கும்தானே உப்பு?

சவுக்குத் தோப்புக்குள் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் வேறு நடத்துகிறேன். வெட்கம்.

13, திங்கள்
சருகைப் பானையில் ஊறவைத்தேன். தண்ணீர் டீ நிறம். பள்ளி லிட்மஸ் தாளை நனைத்தேன், லேசாகச் சிவந்தது. அமிலம்! பாத்தியிலிருந்து சருகு முழுவதையும் நீக்கியாயிற்று. இனி ஒரு வரிசைக்குச் சருகுத் தண்ணீர், மற்றவற்றுக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர்.
அண்ணி: "செடிக்கும் டீ போட ஆரம்பிச்சிட்டியா?"

நாளை பொங்கல்.

29, புதன்
ஜெயித்தேன். சருகுத் தண்ணீர் குடித்த வரிசை குட்டை, மஞ்சள். மற்றதெல்லாம் தளதள. என்னென்ன அமிலம் என்று தெரியாது. ஆனால் இலையில் பச்சையம் குறைகிறது, அது கண்ணுக்கே தெரிகிறது. பச்சையம் இல்லாத இலைக்கு எத்தனை வெயில் அடித்து என்ன? அரிசி இருந்தும் அடுப்பு இல்லாத வீடு. வகுப்பில் இதையே சொன்னேன், ஒருவரும் தூங்கவில்லை.

அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இரண்டு வரிசையையும் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி மென்றார். தோப்புப் பக்கம் நடந்துவிட்டார். பிடிவாதக்காரர். எங்கள் அப்பா மாதிரியே.

11-2-75, செவ்வாய்
வெள்ளைக்காரம்மா காலையில் சைக்கிளில் வந்து கூடை நிறைய வாங்கிப்போனாள். வாரா வாரம் வேண்டுமாம். மகிழ முடியவில்லை. நாளை சாம்பல் புதன், அண்ணன் வைத்த கெடு.

பள்ளி விட்டு ஓடினேன். பாத்தி பத்திரம். கடல் பக்கம் கட்டியிருந்த ஓலைத் தட்டியை அவிழ்த்து, சவுக்குத் தோப்புப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சருகு பறந்து வருதில்ல, அதான்," என்றார். "அடுத்த பாத்தி எங்க போடணும், சொல்லு."