கரகரத்த சத்தமும் சபூறா அன்ரியின்ரை காரும்

முள்ளியவளை,
புதன்கிழமை.

அன்புள்ள மகன் கோகுலனுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் அந்தக் குளிருக்குள்ளை நோய்நொடியில்லாமல் இருக்க வேணுமெண்டு வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு அம்மா எழுதுறன். வயல் விதைச்சாச்சு, மழையும் அளவாய்ப் பெய்யுது, அந்தச் சந்தோசப் புளுகத்திலை அப்பா நிண்ட இடத்திலை நிக்கிறாரில்லை.

நீ விட்டுட்டுப் போன கொம்பியூட்டரிலை பழைய விளையாட்டுகளை ஓடவிடுற எமுலேட்டர் கிடக்கெல்லே, அதிலை நானும் நீராவிப்பிட்டிச் சபூறா அன்ரியும் பின்னேரங்களிலை கார் ஓட்டுறது உனக்குத் தெரியும். எப்பவும் அவாதான் வெல்லுவா. போன மாதம் திடீரெண்டு விளையாட்டின்ரை சத்தம் விட்டுவிட்டுக் கரகரக்கத் தொடங்கினது, அண்டையிலையிருந்து வெற்றியெல்லாம் எனக்குத்தான். அவாவின்ரை மனுசன் ஜெமீலின்ரை கடையிலை போய் நிண்டும் சொல்லிச் சிரிச்சனான். பிறகு பார்த்தால் சபூறா வாறதை நிப்பாட்டிப்போட்டா. கேட்டால் வேலையாம், தலையிடியாம். கோவிச்சுப்போட்டாவாக்கும் எண்டு நினைச்சு, பயத்தம் பணியாரமும் கொண்டு அவா வீட்டை போனன். பணியாரத்தை வாங்கி வைச்சுப்போட்டு மெதுவாய்ச் சொன்னா, "கமலாசனி, எனக்குக் கார் வாறது தெரியிறேல்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் இவ்வளவு நாளும் ஓடினனான்." ரண்டு கண்ணிலையும் வெள்ளை படர்ந்திருக்குதாம், ஒப்பரேசனுக்குப் பயந்து மனுசனுக்குக்கூடச் சொல்லேல்லையாம். பக்கத்திலை இருந்தும் நான் கவனிக்கேல்லை மகன்.

அடுத்த நாள் கையிலை பிடிச்சுக் கூட்டிவந்து பக்கத்துக் கதிரையிலை இருத்திப்போட்டுச் சத்தத்தைத் திருத்தத் தொடங்கினன். முதல் ஸ்பீக்கரிலை பிழையெண்டு வயரெல்லாம் கழட்டிப் பூட்டினன். பாட்டுப் போட்டால் துப்பரவாய்க் கேக்குது, அப்ப பிழை எமுலேட்டருக்குள்ளைதான். அதின்ரை செற்றிங்கிலை சத்தத்துக்கெண்டு ஒரு பக்கம் இருக்கு, சத்தம் எவ்வளவு பிந்தி வரலாமெண்டு அதிலை ஒரு இலக்கம். அது என்ரை கை பட்டோ என்னவோ நல்லாக் குறைஞ்சு கிடந்தது, சத்தத்தைச் சேர்த்து வைக்க நேரம் காணாமல்தான் அறுந்தறுந்து வந்திருக்கு. கூட்டிவிட்டன், கரகரப்பு நிண்டுது. ஆனால் சபூறா இல்லையெண்டு தலையாட்டினா, கார் இடிச்ச பிறகுதான் சத்தம் வருதாம். எனக்கு அந்த வித்தியாசம் பிடிபடேல்லை, அவாவின்ரை காதை நம்பிக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சுக்கொண்டு வர, ஒரு இடத்திலை "ஓம், இதுதான்" எண்டா. அந்தப் பின்னேரமே என்னைத் தோற்கடிச்சுப்போட்டா.

அந்தச் சந்தோசத்தோடை இருக்கேக்கை ஆசுப்பத்திரிக் கதையை எடுத்தன், நான் கூட வந்தால் வாறனெண்டா. பிறகு ஜெமீலுக்கும் சொல்லி, எல்லாருமாய் வவுனியாவுக்குப் போய்க் காட்டினம். வாற மாதம் ஒப்பரேசன், நானும் கூடப் போறன். கண் தெளிஞ்ச பிறகு சத்தத்தை முழுசாய் நிப்பாட்டிப்போட்டும் என்னை வெல்லுவாவாம்.

அதுக்கு முதல் நீ அவாவுக்கு ஒருக்கால் போன் எடுத்துக் கதை ராசா, பயப்பிடாதேங்கோ எண்டு நீ சொன்னால் தெம்பாய் இருக்கும், மறந்துபோடாதை. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் துணையாலை ஒரு குறையுமில்லாமல் நல்லா இரு.

உன்ரை முகத்தையே நினைச்சுக்கொண்டிருக்கும்
அம்மா கமலாசனி