தென்னை மண்டையில் கட்டிய கம்பி

ஜூலை 6, செவ்வாய்

விடியற்காலை முதல் சாரல். வெயில் ஒரு நிமிஷம்கூட இல்லை. நேற்றுக் கொடியில் போட்ட துணி நேற்றைவிட ஈரம்.

இன்று செய்தது: குழந்தைத் துணி இருபத்திரண்டு. அலசி, பிழிந்து, கோழிப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மேலே பரப்பி, உள்ளே கரி நெருப்பு. அக்காவுக்குப் பத்திய ரசம். அம்மாவுக்கு இடுப்பு வலி, மாவு நான் ஆட்டினேன். நடுவில் ரேடியோவுக்குக் கம்பிச் சுருளில் அறுபத்தேழு சுற்று. அதற்குள் குழந்தை அழுதது. தூக்கிச் சமாதானப்படுத்தி வந்தால், அறுபத்தேழா எழுபத்தாறா? பிரித்து முதலிலிருந்து.

அக்கா பிரசவத்துக்கு வந்தது வைகாசியில். குழந்தைக்கு இன்றோடு இருபது நாள். கட்டைவிரலை விட்டு ஆள்காட்டி விரலைச் சப்புகிறான்.

ஒரு கம்பிச் சுருள், பளபளப்பான ஒரு கல், கல்லைத் தொட ஒரு மெல்லிய கம்பி, காதில் வைக்கும் கருவி. இவ்வளவு இருந்தால் ரேடியோ கேட்கும், பாட்டரிகூட வேண்டாம் என்று காலேஜ் புத்தகம் சொல்கிறது. கல்லும் காதுக் கருவியும் காலேஜ் சிநேகிதி சாரதா அனுப்பியவை. அவள் அண்ணன் வேண்டாமென்று போட்டது. ஒரு காது மட்டும் வேலை செய்யும். திருவனந்தபுரத்தில் மாலையில் ஒலிபரப்பு உண்டு, எல்லா நாளும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். எந்த நாட்கள் என்று எழுத மறந்துவிட்டாள்.

இதை இங்கே மட்டும் எழுதலாம். பி.ஏ., பௌதிகம், இரண்டாம் வகுப்பு. ஆனால் பரிசோதனைச் சாலையில் கம்பிகளை இணைத்ததெல்லாம் ஆண்பிள்ளைகள். நானும் சாரதாவும் பின்னால் நின்று அளவுகளை எழுதிக்கொள்வோம். என் கையால் ஒரு இணைப்புக்கூடப் போட்டதில்லை.

ஜூலை 7, புதன்

தேங்காய் பறிக்க மாடசாமி வந்தார். செம்புக் கம்பியைக் கொடுத்து, ஒரு நுனியைத் தென்னை மண்டையில் கட்டச் சொன்னேன். கம்பி மரத்தைத் தொடாதிருக்க, நடுவில் கயிறும் உடைந்த பீங்கான் கோப்பையின் காதும்.

"எதுக்கு தாயி இது?"

ரேடியோ என்று சொல்லக் கூச்சம். "துணி காயப் போட."

"தென்ன மண்டையிலயா?" அண்ணாந்து பார்த்தார். "படிச்ச பிள்ள சொல்லுதிய. சரியாத்தான் இருக்கும்."

மறு நுனி அடுக்களை ஜன்னல் வழியாக உள்ளே. பூமி இணைப்புக்கு இன்னொரு கம்பி கிணற்றுக்குள், முனையில் செம்புத் தகடு.

ஜூலை 9, வெள்ளி

இரண்டு மாலையும் ஒன்றும் கேட்கவில்லை. விளக்கேற்றும் நேரம்தான் ஒலிபரப்பு நேரமும். உலை, சாம்பிராணி, குழந்தை, எல்லாம் அப்போதுதான். காதுக் கருவியை வைத்த மறு நிமிஷம் அம்மாவின் "ஏட்டி கோமு."

இன்று எட்டிப் பார்த்தால் கம்பி நெடுகக் குழந்தைத் துணி. ஈரத் துணி சுவரிலும் உரசிக்கொண்டு. இப்படி இருந்தால் எப்படிக் கேட்கும்? எடுக்கப் போனேன்.

"துணி காயப் போடன்னுதான கட்டுனே?" என்றாள் அக்கா. "போட்டா ஏன் மூஞ்சியத் தூக்குதே?"

"அது... வேற கொடில போடுதேன்."

"நீ கட்டுன லெச்சணம், போட்ட துணியெல்லாம் வழுக்கி ஒரே மூலைக்கு வந்துருது. எம்மா, ஒரு கொடி கட்டத் தெரியல, இவளுக்கு ஒரு பட்டம்!"

"சிரிக்காதட்டி, பச்ச ஒடம்பு" என்றாள் அம்மா. அவளும் சிரித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், கேட்குதா என்று கேட்பார்கள். கேட்கவில்லையே.

ஜூலை 10, சனி

சாரல் கொஞ்சம் விட்டது. பொரிகடலை தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அரைப் புட்டி.

அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னது:

"குத்தாலத்துல சீசன் பங்களாவுக்கு வந்தவனெல்லாம் ரேடியோப் பெட்டி கொண்டாந்திருக்கான். பாதிப் பேருகிட்ட லைசென்சு இல்ல. யுத்த காலம்லா. வீடு வீடாப் போய் எழுதிட்டு வான்னு உத்தரவு."

"கேக்கதுக்கு என்னத்துக்கு லைசென்சு? நாளைக்கு காதுக்கும் கேப்பாவளோ?"

"சட்டம்னா சட்டந்தான். ஐந்தருவி ரோட்டுல ஒரு பெரிய மனுசன், 'ஏட்டையா, நாங்க பாட்டு மட்டுந்தான் கேப்போம்'ங்காரு. பாட்டுக்குன்னு சட்டத்துல விலக்கு இருந்தா காட்டுங்கன்னேன். வாய மூடிக்கிட்டாரு."

சாப்பிட்டதும் தாளைக் கொண்டுவந்து வைத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் ரிப்போர்ட்டெல்லாம் நான்தான் நல்ல எழுத்தில் பிரதி எடுப்பது. அப்பா ஐந்தாவதோடு நிறுத்தியவர். கட்டங்கள்: இடம், உடையவர் பெயர், எத்தனை, லைசென்சு உண்டா. தாளின் தலைப்பில், "கேட்கும் கருவி எவ்விதமானதாயினும்."

எவ்விதமானதாயினும். கடையில் வாங்கிய பெட்டிக்குத்தான் சட்டம் என்று நினைத்திருந்தேன். பதினோரு வீடு எழுதினேன். ஏழு "இல்லை." மை தீற்றிவிட்டது. வேறு தாளில் மறுபடியும்.

ஜூலை 11, ஞாயிறு

கழற்றிவிடலாம் என்று ஜன்னல்வரை போனேன். கழற்றினால், நான் செய்தது வேலை செய்யுமா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. கழற்றாமல் வெளியே தெரிந்தால் அப்பாவுக்கு அவமானம். என்னைக் காலேஜுக்கு அனுப்பியபோதே ஸ்டேஷனில் சிரித்தவர்கள் உண்டு. ஊரெல்லாம் லைசென்சு கேட்கிற ஏட்டு, அவர் வீட்டுத் தென்னையில் கம்பி.

அப்பாவிடம் நேரே பேசி எவ்வளவு நாளாயிற்று! "அப்பாட்ட சொல்லும்மா", "அவகிட்ட சொல்லு". எங்கள் பேச்சு முழுக்க அம்மா வழியாகத்தான்.

ஒருமுறை ரேடியோ காதில் கேட்டதும் அப்பாவிடம் சொல்லிவிடுவது.

ஜூலை 13, செவ்வாய்

கேட்டேன்.

பொழுது சாயும்போது மழை சுத்தமாக நின்றது. துணியெல்லாம் பஞ்சாரத்தில். அக்கா தூங்குகிறாள், அம்மா கோயிலில். உலையில் அரிசி போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கல்லில் கம்பி முனையை நகர்த்தி, நகர்த்தி, எத்தனை இடம் என்று தெரியாது. முதலில் ஒரு கரகரப்பு. அப்புறம் ஒரு பெண் குரல். மிக மெல்லிசாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. மலையாளம். மூச்சு விட்டால் முனை நகர்ந்துவிடுமோ என்று பயம்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. கோயிலிலிருந்து வந்த அம்மா, "இம்புட்டுப் படிச்சு என்ன, ஒரு ஒலயப் பாக்கத் தெரியல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் திட்டு.

ராத்திரி அப்பா வந்ததும் சொல்ல எழுந்தேன். காலெல்லாம் சேறு, களைப்பு. தாளை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஜூலை 14, புதன்

காலையில் பிரதி எடுத்தேன். இன்று ஆறு வீடு. ஆறாவதற்குக் கீழே ஏழாவதாக எழுதினேன்: தென்காசி, ஏட்டு வீடு. ஒன்று. லைசென்சு இல்லை.

அப்பா கையெழுத்துக்கு முன் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். நான் அம்மிக்குப் பக்கத்தில் நின்றேன். விரல் ஏழாவது வரியில் நின்றது. திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது. அந்த வரியை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"உடையவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றார். அம்மாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "அதுல ஒண்ணும் எழுதலியே."

எழுதினேன். சு. கோமதி.

"பி.ஏ.ன்னு போடலியா?"

அதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

"என்னங்க செய்யுதிய?" என்றாள் அம்மா. "நம்ம வீட்ட நாமளே எழுதிக் குடுக்கவா? ஸ்டேஷன்ல சிரிக்க மாட்டாவளா?"

"சிரிக்கட்டும். பங்களாக்காரன் பேர எழுதுனேன்லா?"

அப்புறம் அடுக்களைக்குள் வந்தார். சுருளையும் கல்லையும் குனிந்து பார்த்தார், தொடவில்லை. பங்களாக்களில் சொல்வதையே என்னிடமும் சொன்னார். தபாலாபீசில் மனு கொடுக்க வேண்டும். லைசென்சு வரும்வரை கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும். யுத்த காலம், வராமலும் போகலாம்.

நேற்றுச் சாயங்காலம் கேட்டதென்று சொல்லி, காதுக் கருவியை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம். லைசென்சு வரட்டும்."

ஜன்னல் பக்கத்து நுனியை அவிழ்த்துச் சுருட்டினேன். அக்கா குழந்தையோடு வாசற்படியில் வந்து நின்றாள். அப்பாவுக்கு ஸ்டேஷனுக்கு நேரமாகிவிட்டது. தொப்பியைக் கையில் எடுத்தவர் போகவில்லை. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன கேட்டுச்சு?"

"பேசுனாங்கப்பா. மலையாளத்துல."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள."

"எதப் பத்தி?"

"மரச்சீனிக் கெழங்கு எப்படி நடுததுன்னு."

"கெழங்கா!" சிரித்துவிட்டார். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மேகத்தில் பாதி மறைந்திருந்தது. "இதத் தாண்டியா வருது?"

"ஆமாப்பா."

"சொல்லு. அவ பேசுனதுல புரிஞ்ச மட்டும், மொதல்லருந்து சொல்லு."