மாதா எங்கள் வீட்டில் தங்கிய பத்து நாள்

அக். 11, சனி

காலையிலிருந்து மேகமூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் 40 பாக்கி.

நாளை மாலை மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஜெபமாலை மாதம் என்பதால் அக்டோபர் முழுக்க எங்கள் வட்டாரக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் நாளுக்கு ஒரு வீடு. சுரூபம் வருகிற வீட்டில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வருடமாக எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனது. ஸ்டெல்லாவுக்குக் கிட்னி மாற்றியதிலிருந்து வீட்டில் கூட்டம் கூடாது. உடம்பு புதுக் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை, காலை 9, இரவு 9, ஆயுசுக்கும். கிட்னி என்னுடையது. இடப்பக்கத்து ஐட்டம்.

இந்த வருடம் என்னைக் கேட்காமலே பிலோமினா அக்காவிடம் பேர் கொடுத்துவிட்டாள். அக்கா தரைத்தளத்தில் இருக்கிறார், அன்பியத்துக்குத் தலைவி.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க கிராஃப் போட்டுக் காமிப்பீங்க."

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள் பேச்சு.

வாங்க: மெழுகுவர்த்தி 1 பாக்கெட், கொண்டைக்கடலை 1 கி., தேங்காய் 1, பேப்பர் கப் 25, மல்லி 4 முழம், ஸ்டெ.வுக்கு மாஸ்க்.

தொண்டை லேசாகக் கரகர. நேற்று பாட்டு ஒத்திகையில் கத்தினேன், அதுதான். மிளகு போட்டுப் பால் கேட்டுக் குடித்தேன்.

அக். 12, ஞாயிறு

தூறல். சுரூபத்தை அடுத்த தெருவிலிருந்து நானே ஏந்தி வந்தேன். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மேலே வந்ததும் வழக்கம்போலப் பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தேன். எனக்குப் பின்னால் ஸ்டெல்லா. அப்புறம் எல்லோரும்.

14 பேர். ஜன்னல்கள் திறந்து, மின்விசிறி முழு வேகம். ஸ்டெ. பால்கனி கதவோரம் மாஸ்க்கோடு உட்கார்ந்தாள். பாட்டு வந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டாள். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். பார்க்காத மாதிரி பாடினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் இரண்டாவது முறை ஜாடை காட்டவில்லை.

சுண்டல் தீர்ந்துபோனது. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று ஒருவரும் சொல்லவில்லை, நல்லவர்கள்.

அக். 13, திங்கள்

மூன்றாவது பீரியடில் குளிர் எடுத்தது. ஆசிரியர் அறையில் ஒருவர், "சேவியர் சார், கண்ணு செவந்திருக்கே, கொரோனா டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் கிட் வாங்கினேன். வீட்டுக்குள் போகவில்லை, மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து மூக்கில் விட்டேன்.

இரண்டு கோடு.

பத்து நிமிடம் அங்கேயே இருந்தேன். பயம். எனக்காக இல்லை. ஆறு வருடம் கை கழுவி, காய்கறி கழுவி, சில்லறை கழுவி, கடைசியில் நானே கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

படியிலிருந்தே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, முன் ரூம்ல தலகாணி வெச்சிட்டேன். நான் பால்கனிக்குப் போனதும் உள்ள வாங்க. கதவைச் சாத்திக்கோங்க." அவ்வளவுதான்.

அடையாறில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் பேசினேன். அவளுக்குத் தினமும் டெஸ்ட், காய்ச்சல் பார்க்க வேண்டும், கோடு தெரிந்த அன்றே கூப்பிட வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. எனக்கும் ஒற்றைக் கிட்னி, அதனால் வலி மாத்திரை எதையும் நானாகப் போடக் கூடாதாம்.

அக். 14, செவ்வாய்

எனக்கு 101. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி. ஸ்டெ.: 98.2. டெஸ்ட் ஒரு கோடு.

ஞாயிறன்று வந்த 14 பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "அதான் சுண்டல் ருசியே தெரியல போல" என்றார்.

நேற்று மாலையே மாதா பிலோமினா அக்கா வீட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். அனுப்ப முடியாது. எத்தனை பேர் முத்தி செய்த சுரூபம்!

அக்கா: "அப்போ மாதா எப்ப வருவாங்க?"

நான்: "க்வாரன்டைன்ல இருக்காங்க அக்கா."

அக்கா: "நான் பாயசத்துக்குச் சேமியா வறுத்து வெச்சிட்டேனே, தம்பி!"

ஸ்டெல்லா சுரூபத்தைத் தூக்கிப் பால்கனியில் வைத்துவிட்டாளாம், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று.

அக். 15, புதன்

கதவுக்கு வெளியே ஸ்டூல். கஞ்சி வைத்துவிட்டுத் தட்டுவாள், அவள் காலடி சமையலறைக்குப் போனதும் நான் எடுப்பேன். ஒரே வீட்டுக்குள் போன். காலை பேசியது:

"என்ன பண்றீங்க?"

"சுவரைப் பாத்துட்டிருக்கேன்."

"அந்தப் பக்கம் நான்தான் இருக்கேன்."

எனக்கு ஒன்று மனசை அரித்துக்கொண்டிருந்தது. பாதத்தில் நான் முத்தி செய்த இடத்திலேயே அவளும் செய்தாள். டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். சிரித்துவிட்டார். "சார், மாதா பாதத்துல இருந்து வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரே ஹால்ல ஒரு மணி நேரம் நீங்க பாடினீங்களே, அந்தக் காத்துல வரும்." நிம்மதி இல்லை. பழி மாதாவிடமிருந்து என் தொண்டைக்கு வந்தது, அவ்வளவே.

ஸ்டெ. 98.4. ஒரு கோடு.

அக். 16, வியாழன்

விடிந்ததிலிருந்து கொட்டுகிற மழை. எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

7.10: ஸ்டெ. 99.6.

7.30: இரண்டு கோடு. இரண்டாவது கோடு மெலிசு. கதவுக்கு அடியில் தள்ளிக் காட்டினாள். மெலிசாக இருந்தால் என்ன, கோடு கோடுதான்.

டாக்டரம்மா பதறவில்லை. மூன்று நாள் மருத்துவமனைக்கு வந்து ஊசி, டிரிப்பில் ஏறும், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். வாயில் போடுகிற கொரோனா மாத்திரை அவளுக்கு ஆகாது, கிட்னி மாத்திரையோடு சண்டை போடும். கிட்னி மாத்திரை இரண்டில் ஒன்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னார். "நோயை எதிர்க்க உடம்புக்குக் கொஞ்சம் கை குடுக்கணும்." நிறுத்தினால் கிட்னி? "அதான் கத்தி மேல நடக்கிற வேலை சார். பத்து நாள் கழிச்சு ரத்தம் பாப்போம்."

மகள் ரீனா பாலவாக்கத்திலிருந்து போனில் அழுதாள். கார் எடுத்து வருகிறேன் என்றாள். மூன்று மாதக் குழந்தை வைத்திருக்கிறாள், வரக் கூடாது என்று ஸ்டெல்லா கத்தினாள். ஆட்டோக்காரருக்கு எதற்கு இந்த வம்பு? மழை விட்டதும் எங்கள் ஸ்கூட்டரிலேயே போனோம். இரண்டு பேரும் மாஸ்க், அதற்குமேல் ஹெல்மெட். அடையாறு பாலத்தில் காற்று தள்ளியது. பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து அவள் கை.

திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்: "இனிமே எதுக்கு உங்களுக்குத் தனி ரூம்?"

உண்மைதானே. இரண்டு பேருக்கும் ஒரே கிருமி. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். ருசி இல்லை, வாசனை இல்லை. சந்தோஷமாக இருந்தது. இந்த மாதிரி நாளில் சந்தோஷப்பட்டேன் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

அக். 17, வெள்ளி

இரண்டாவது ஊசி. ஸ்டெ. 100.8. இருமல். ஆக்சிஜன் 97. கை நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு முறை குத்தினார். என்னைப் பக்கத்தில் உட்கார விட்டார்கள்.

டிரிப் சொட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "சனிக்கிழமையே எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்துது. பாட்டுனாலன்னு நெனச்சேன். இல்ல, அப்படி நெனச்சுக்கிட்டேன். சொல்லியிருக்கணும்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பால்னாலே ஓடுற ஆளு மிளகு போட்டுப் பால் கேட்டீங்க. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"சொன்னா நிறுத்திருப்பீங்க. ஆறு வருஷமா நம்ம வீட்ல யாராவது வந்து ஒரு டீ குடிச்சாங்களா? எனக்கு ஆசையா இருந்துச்சுங்க."

டிரிப் பாட்டிலையே பார்த்தேன். அவளே, "கிட்னியும் நீங்கதான் குடுத்தீங்க, கொரோனாவும் நீங்கதான் குடுத்தீங்க. வேற யாருகிட்டயும் நான் எதுவும் வாங்கல" என்றாள். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

சிரிக்கிற விஷயமா இது என்று கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

அக். 18, சனி

மூன்றாவது ஊசி முடிந்தது. 100.2. ரொம்பச் சோர்வு. நாள் முழுக்கத் தூக்கம். மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 18. மறுபடி 18. விடைத்தாள் 40 அப்படியே.

அக். 19, ஞாயிறு

காலை 99.1! ஆக்சிஜன் 98.

மாலை ஐந்தரைக்குக் கீழே ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால் தெருவில் பத்துப் பன்னிரண்டு குடை. பிலோமினா அக்கா தலைமையில் அன்பியமே நிற்கிறது. மாதா கீழே வர முடியாவிட்டால் என்ன, மேலே பார்த்துச் சொல்லலாம் என்று அக்கா முடிவு செய்துவிட்டாராம். தூறலில் நின்று, எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்து ஜெபமாலை.

வாட்ச்மேன் ஏழுமலை குழம்பிப்போய்க் கீழிருந்து கத்தினான்: "இன்னா சார் இது? மாதா மேல கீது, இவங்கல்லாம் மயைல நனைஞ்சிகினு கீய நின்னுகினு கீறாங்கோ! மேல வரச் சொல்லு சார்!"

"வரக் கூடாது ஏழுமலை, கொரோனா!"

"அப்ப கரீட்டு" என்று அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான்.

ஸ்டெல்லா போர்வையைப் போர்த்திக்கொண்டு மாஸ்க்கோடு பால்கனிக்கு வந்தாள். ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளை அவளே முன்சொன்னாள். குரல் கீழே எட்டியிருக்காது. எங்கே நிறுத்துகிறாள் என்று அக்கா அவள் தலையசைப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், கண்ணைத் துடைக்க வசதியான இடம்.

கயிறு கட்டிக் கூடையில் சேமியா பாயசம் மேலே வந்தது. லேசாக இனிப்புத் தெரிந்தது.

அக். 20, திங்கள்

தீபாவளி. விடியற்காலையிலிருந்தே வெடி. புகை உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்தி ஈரத் துணி வைத்தேன். வைரஸுக்குத் திற, புகைக்குச் சாத்து. எந்தக் கணக்கிலும் இது அடங்காது. எதிர் வீட்டு மாமி கதவில் அதிரசம் தொங்கவிட்டு, "ஆத்துல ரெண்டு பேரும் தேவலையா? சாமான் ஏதாவது வாங்கிண்டு வரட்டுமா?" என்று வெளியிலிருந்தே கேட்டார்.

ஸ்டெ. 98.8. அதிரசம் ஒன்றரை சாப்பிட்டாள். அரையை எனக்கு வைத்தாள்.

அக். 22, புதன்

இரண்டு பேருக்கும் ஒற்றைக் கோடு. மருந்துக்கடையில் வாங்கிய கிட் தீர்ந்தது.

மாலை மாதா கீழே இறங்கினார். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "உங்க வீட்ல பத்து நாள் இருந்தாங்க, எங்க வீட்ல ஒரு நாளா? எனக்கும் ரெண்டு நாள் வேணும்" என்று சண்டை ஆரம்பித்துவிட்டார். பால்கனி வெறிச்சென்று இருக்கிறது.

பள்ளிக்குத் திங்கள் போகலாம்.

அக். 24, வெள்ளி

காலை ஏழுக்கு லேப் பெண் வந்து ரத்தம் எடுத்துப் போனாள். பத்து நாள் என்றார் டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றதும் எட்டாம் நாளே எடுக்கச் சம்மதித்தார். கிட்னிக்கு அடி விழுந்திருக்கிறதா என்று கிரியேட்டினின் சொல்லிவிடும். போன மாதம் 1.1.

இடையில்: விடைத்தாள் 22 திருத்தினேன். எல்லோருக்கும் கை தாராளமாக மார்க் போடுகிறது. பையன்களுக்கு நல்ல நேரம்.

4.40: வந்தது. திறக்கக் கை வரவில்லை. அவளே போனைப் பிடுங்கினாள்.

1.2.

டாக்டரம்மா: "ரொம்ப நல்லா இருக்கு. நிறுத்தின மாத்திரையை நாளைக்கு ஆரம்பிக்கலாம். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க."

ஸ்டெல்லா போனை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். இத்தனை நாளில் ஒரு சொட்டு விடாதவள், கேலி பேசிக்கொண்டே இருந்தவள், குலுங்கிக் குலுங்கி. நான் பயந்தேன் என்பது ஊருக்கே தெரியும். இவள் பயந்தது எனக்கே தெரியவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்து பீரோவிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். அந்த 16ஆம் தேதி, நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எழுதியதாம்.

1. கேஸ் புத்தகம் டிவி மேசை டிராயரில்.
2. உங்கள் பி.பி. மாத்திரை சாப்பிட்ட பிறகு. முன்னால் அல்ல.
3. ரீனாவைத் திட்டாதீர்கள். பேத்தியைத் தினமும் போய்ப் பாருங்கள்.
4. எனக்குப் பட்டுப்புடவை கட்ட வேண்டாம். அந்த நீலம் போதும்.
5. கிட்னிக்கு நன்றி. ஆறு வருஷமும் நல்லபடியாக வேலை செய்தது. உங்களை மாதிரி பாடிக் கத்தவில்லை.

ஐந்தாவதை இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. எழுத்து கலங்கிவிட்டது.

"குடுங்க இப்படி" என்று தாளை வாங்கித் திருப்பினாள். "இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு." என் சிவப்புப் பேனாவையே எடுத்து எழுதினாள்:

வஞ்சிரம் ½ கி. (வெட்டி வாங்கவும்)
புளி
சின்ன வெங்காயம்
பாத்திரம் தேய்க்கிற நார்
டீத்தூள் பெரிய பாக்கெட், ஆள் வருவார்கள்