பக்கத்தின் மேல்பாதி

1774, நவம்பர் 7, திங்கள்

ஆப்பிள் பிழிந்து முடிந்தது. வீடெல்லாம் ஈ. கெசியா அக்கா இன்றும் தேநீர் போடவில்லை. ஆங்கிலேய ராஜாவின் வரி ஒட்டிய இலை இந்த வீட்டுக்குள் வராதாம். குதிரைக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற ஏதோ தழையைக் கொதிக்கவைத்து நீட்டினாள்.

"குடிடா பர்னபா. சுதந்திரம் முதல்ல கசக்கத்தான் செய்யும்."

வீடும் தோட்டமும் அவளுடையவை, காலமான அத்தான் விட்டுப்போனவை. ஆலை, குதிரை, சட்டி எல்லாம் அவளுடையவை. நான் வெறும் போதகன். குடித்தேன்.

நேற்று ஆராதனை முடிந்ததும் பீப்பாய் செய்யும் ஹைராம் கோயில் வாசலில் மறித்தான். "ஐயா, ராஜாவும் ஒரு வேலைக்காரர்தானே? ஒப்பந்தப்படி நடக்கலைன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடலாம் இல்ல?"

பாட்டுப் புத்தகத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்! இவனுக்கு இது எங்கிருந்து வந்தது? விசாரித்தேன். எல்லாம், ஜனங்களின் சம்மதத்தில்தான் ஆட்சி நிற்கிறது என்று எழுதிய அந்த ஆங்கிலேயத் தத்துவஞானியின் சரக்கு. ஆள் செத்து எழுபது வருடம் ஆகிறது. இங்கே நியூ ஜெர்சியில், எங்கள் ஆற்றங்கரைச் சத்திரத்தில், அவரை யாரோ சத்தம்போட்டு வாசிக்கிறார்களாம்.

இதற்கு ஒரு மறுப்புரை எழுதாமல் விடப்போவதில்லை.

நவம்பர் 23

தத்துவஞானியையும், அதிகாரத்தை ஒரே கையில் விடாமல் பிரித்து வைக்கச் சொல்லும் பிரெஞ்சுக்காரரையும் புத்தகமாக வரவழைத்துப் படிக்கிறேன். பாவிகள், நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

நவம்பர் 24

நேற்றைய கடைசி வரி பலவீனமான நேரத்தில் எழுதியது.

டிசம்பர் 12

முடித்துவிட்டேன்! தலைப்பு: 'நஞ்சுக்கு மாற்று'. எதிராளியின் வாயை அடைத்துவிட்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் மேல்பாதியில் தத்துவஞானிகள் சொன்னதை முழுசாகக் கொடுத்திருக்கிறேன், கடினமான இடங்களை எளிமைப்படுத்தி. கீழ்பாதியில் என் மறுப்பு.

அச்சுக்கூடத்து லெமுவேல் புரட்டிப் பார்த்தான். "ஐயா, மேல இருக்கிறது நல்லாப் போகும்."

"கீழே இருப்பது?"

"அதுவும் கூடவே போகும்ல ஐயா."

1775, ஜனவரி 16

அத்தனை பிரதியும் தீர்ந்துவிட்டது! லெமுவேல் மறுபடி அடிக்கிறானாம். பக்கத்து ஊரிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். இந்த ஜனங்களின் நெஞ்சில் ராஜவிசுவாசம் இன்னும் சாகவில்லை. அக்காவிடம் சொன்னேன். சிரித்தாள். என்ன சிரிப்பு அது?

ஜனவரி 30

சத்திரத்துக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

ஹைராம் மேசைமேல் ஏறி நின்று என் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். மேல்பாதியை மட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் கீழ்பாதியைக் கிழித்துத் தருகிறான். பக்கத்தில் இருப்பவன் அதைச் சுருட்டிப் புகைக்குழாய் பற்றவைக்கிறான். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

"ஐயா, அந்தத் தடிப் புஸ்தகம் எங்களுக்கு ஏறவே இல்ல. நீங்க சொன்னப்புறந்தான் வெளங்குச்சு. மகராசனா இருங்க!"

நேரே லெமுவேலிடம் ஓடினேன். இரண்டாம் பதிப்பில் கீழ்பாதியே இல்லை.

"காகிதத் தட்டுப்பாடு ஐயா" என்கிறான். "உங்க பேரை மட்டும் பெருசாப் போட்டிருக்கேன்."

ஆண்டவரே.

ஏப்ரல் 25

மாசச்சூசெட்ஸில் ராஜாவின் படைக்கும் ஜனங்களுக்கும் நடுவே துப்பாக்கி வெடித்துவிட்டது. அக்கா இரவு உணவுக்கு உட்காரவில்லை. நானும்தான்.

1776, ஜூலை 15

நீதிமன்ற வாசலில் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார்கள். நானும் ஓரமாக நின்றேன். சம்மதம், உரிமை, ஆளுகிறவன் தவறினால் மாற்றும் அதிகாரம் — அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. பக்கத்தில் நின்ற மீன்காரர் என் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா ஐயா, உங்க புஸ்தகத்துல இருந்தே எடுத்துட்டாங்க!"

ஜூலை 21, ஞாயிறு

வழக்கம்போல ராஜாவுக்காக ஜெபித்தேன். போதகனாகப் பட்டம் பெற்ற அன்று வேதத்தின்மேல் கைவைத்து அவருக்கு உண்மையாக இருப்பேன் என்று சொன்னவன் நான். ஊர் மாறிவிட்டது என்பதற்காக வாக்கு மாறுமா? பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். அக்கா போகவில்லை. ஆனால் ஆமென் சொல்லவும் இல்லை.

ஜூலை 22

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் ஹைராம் ஒரு கூட்டத்தோடு வந்தான். கைவண்டியில் தார் சட்டி, புகைகிறது. எனக்குத்தான் என்று புரிந்தது. ராஜா பக்கம் நிற்பவனுக்கு இப்போது இதுதான் தண்டனை: தார் பூசி, இறகு ஒட்டி, ஊர்வலம். மாடிக்கு ஓடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். (ஆமாம், ஒளிந்துகொண்டேன். அதனால் என்ன?) அக்கா மாவுக் கையோடு வாசலில் நின்றாள்.

ஹைராம் தொப்பியைக் கழற்றினான். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. தார் இருக்கு. இறகுதான் பத்தல. ஒரு தலையணை இருந்தாக் குடுங்களேன்."

"எதுக்கு?"

"உங்க தம்பிக்குத்தான்."

"அது என் வாத்து போட்ட இறகு. நான் குடுக்க மாட்டேன்."

"புரட்சிக்காகக் கேக்கிறோம் அக்கா."

"ராஜாவும் யுத்தச் செலவுன்னுதான் கேட்டாரு. ஒருத்தர் பொருளை அவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு நீதானே மேசைமேல ஏறிக் கத்தினே? அது ராஜாவுக்கு மட்டுந்தானா, உனக்கு இல்லையா?"

ஹைராம் கழுத்தைச் சொறிந்தான். பின்னாலிருந்து எவனோ, "அக்கா சொல்றதும் ஞாயந்தானேப்பா" என்றான்.

அவள் விடவில்லை. "சரி, அவன் என்ன குத்தம் பண்ணினான்? யாரு சொன்னா?"

"நான்தான்."

"தீர்ப்புச் சொன்னது?"

"...நாந்தான்."

"தார் பூசப்போறது?"

அவன் கையில் இருந்த தார்த் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மூணு வேலையும் ஒருத்தனே பாத்தா அவனுக்குப் பேரு என்னன்னு அந்தப் பிரெஞ்சுக்காரர் சொன்னாரு? படிச்சியா, இல்ல அதையும் கிழிச்சுப் பத்தவச்சிட்டியா?"

ஹைராம் சட்டியை எட்டிப் பார்த்து, "இந்தத் தார் வீணாப் போகுதே அக்கா" என்றான். அவள் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்றாள். எல்லோருமாகப் போய் அடைத்துவிட்டு, ஆளுக்கொரு குவளை ஆப்பிள் மது குடித்துவிட்டுப் போனார்கள்.

இறங்கி வந்தேன். அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாதே. உன் ராஜாவை எனக்குப் பிடிக்கல. உன்னை வேற வழியில்லாமப் பிடிச்சிருக்கு" என்றாள்.

ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவள் சொன்னதெல்லாம் மேல்பாதி. 'பொது நன்மைக்காக ஆளுகிறவன் யாருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியதில்லை' என்பது என் கீழ்பாதி. அதை அவள் வாசித்திருந்தால் இந்நேரம் நான் இறகோடு நின்றிருப்பேன்.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டில் தனியாக ராஜாவுக்கு ஜெபித்தேன், நல்ல புத்தி வரவேண்டும் என்று. கோயிலில் 'எங்களை ஆளுகிறவர்கள் எல்லோருக்காகவும்' என்றேன். ஹைராம் ஆமென் சொன்னது வெளியே தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 13

புதிய அரசாங்கத்துக்கு முதல் தேர்தல். அக்கா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வேடிக்கை பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்துக் கூடவே போனேன். நேரே போய் வரிசையில் நின்றுவிட்டாள்!

பதிவு செய்ய உட்கார்ந்திருந்த லெமுவேல் திணறினான். "அக்கா, பொம்பளைங்க..."

"படி."

புதிய சட்டத்தைப் புரட்டினான். வயது வந்த, ஐம்பது பவுண்டு சொத்துள்ள குடிமக்கள் எல்லோரும் என்றுதான் இருக்கிறது. ஆண் என்று எங்கேயும் இல்லை. இரண்டு தரம் படித்தான். வரிசையில் இருந்த மற்றவர்களும் வந்து எட்டிப்பார்த்தார்கள். கடைசியில் ஹைராம், "எழுதியிருக்குல்ல, விடுப்பா. இல்லேன்னா அந்த அக்கா வாயை யாரு தாங்குறது?" என்றான். அக்கா ஓட்டுப் போட்டாள்.

வரிசை நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் நான்தான் நின்றிருந்தேன். எப்போது வரிசையில் சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

லெமுவேல் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, உங்களுக்கு... வீடு அக்காவோடது. குதிரையும் அவங்களோடது. புஸ்தகம் எல்லாம் சேத்தாக்கூட ஐம்பது பவுண்டு வராதே. மன்னிக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பொருமல். ஒரு மனிதனை அவன் பையைத் தடவிப் பார்த்தா கணக்கில் சேர்ப்பது? என்னைக் கேட்காமல் என்னை ஆள எவனுக்கு உரிமை இருக்கிறது? சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா நின்று திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் ராஜா இருக்காரே. போதாதா?"

ஆப்பிள் தோட்டத்து வேலியோரம் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அக்கா, அடுத்த தேர்தல் எப்போ?" என்று கேட்டேன்.